வேலூர் டாக்டரம்மாவும் எங்க அத்தையும்

காலை ஏழரை மணிக்கு நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டிக்கிட்ட பஸ்ஸில் நீங்க உட்கார்ந்திருக்கீங்களா? கேட் திறக்க நேரமாகும்னு தெரிஞ்சதும் பாதிப் பேர் இறங்கி டீ குடிக்கப் போயிடுவாங்க. எங்க அத்தை இறங்க மாட்டாங்க. தஞ்சாவூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் நைட் டூட்டி முடிச்சு வர்ற ஸ்டாஃப் நர்ஸ் அவங்க. வீங்கின காலை முன் சீட்டுக் கம்பி மேல வச்சுக்கிட்டு அப்படியே தூங்கிடுவாங்க. இருபத்திச் சொச்சம் படுக்கை உள்ள வார்டுக்கு ராத்திரியில் ரெண்டு நர்ஸ். ஒருத்தர் லீவு போட்டா ஒருத்தர்தான். எழுந்திருக்க முடியாத நோயாளிகளைப் புரட்டிப் புரட்டி அத்தைக்கு இடுப்பே போச்சு.

இந்த இதழுக்கு ஒருத்தருடைய வாழ்க்கையை எழுதச் சொன்னப்போ ஐடா ஸ்கடர் நினைவு வந்தது இதனால்தான். எங்க ஊர்ப் பக்கம் பெரிய வியாதின்னா வேலூருக்குக் கொண்டு போங்கன்னு சொல்வாங்க இல்லையா, அந்த வேலூர் சி.எம்.சி.யைத் தொடங்கியவர்.

1870 டிசம்பர் 9 அன்று ராணிப்பேட்டையில் பிறந்தார். அமெரிக்க மிஷனரி டாக்டர் குடும்பம். தாத்தா டாக்டர், அப்பா டாக்டர். ஐடாவுக்கோ இந்தத் தொழிலே வேண்டாம், அமெரிக்காவிலேயே இருந்துவிடலாம் என்று எண்ணம். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனம் வந்த இடத்தில், ஒரே ராத்திரியில் மூன்று வீட்டு ஆண்கள் வந்து பிரசவத்துக்குக் கூப்பிட்டார்கள். ஆண் டாக்டரை அனுப்ப அவர்கள் சம்மதிக்கவில்லை. ஐடாவுக்கு மருத்துவம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். இந்தக் கதை நீங்க பள்ளிக்கூடத்திலேயே கேட்டிருப்பீங்க. எல்லாரும் இதைச் சொல்லிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டு நிறுத்திடறாங்க. எனக்குப் பிடிச்ச பகுதி அதுக்கு அப்புறம்தான் ஆரம்பிக்குது.

1899-ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். 1900 தொடக்கத்தில் வேலூர் வந்து சேர்கிறார். அப்பாவோடு சேர்ந்து தொழில் கற்கலாம் என்று நினைத்து வந்தவர். அந்த வருஷமே அப்பா புற்றுநோயில் இறந்துவிட்டார். வயது 29, அனுபவம் கிட்டத்தட்ட பூஜ்யம். பங்களாவில் ஒரு சின்ன அறைதான் மருத்துவமனை. முதலில் யாரும் வரவில்லை. வரத் தொடங்கியதும் நிற்கவில்லை. இரண்டு வருஷத்தில் சுமார் 5000 நோயாளிகள்.

யோசிச்சுப் பாருங்க. அங்கே நர்ஸ் கிடையாது. மருந்து கலக்க, காயம் கழுவ, அறுவை சிகிச்சையில் கருவி எடுத்துக் கொடுக்க ஆள் வேணும். வீட்டில் வேலைக்கு இருந்த சலோமி என்ற பெண்ணைக் கூப்பிட்டுத்தான் ஐடா எல்லாம் சொல்லிக் கொடுத்தார். நேற்றுவரை வீட்டு வேலை, இன்றைக்குக் கட்டுப் போடுதல். வாழ்க்கை வரலாறுகளில் சலோமிக்கு அதிக வரிகள் கிடையாது. வேலூரில் முதல் நர்ஸ் அந்த அம்மாதான்னு நான் சொல்வேன்.

1902-ல் நாற்பது படுக்கைகளோடு மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறந்தார்கள். வேலை குறைந்திருக்கும்னு நினைப்பீங்க. கூடித்தான் போனது. படுக்கை வந்தால் ராத்திரியும் வந்துவிடும்: உள்நோயாளிக்குக் கஞ்சி, பெட்பான், துணி மாற்றுதல், மணிக்கொரு தரம் பார்த்தல். கட்டடம் பணம் இருந்தால் எழும்பிவிடும். அதற்குள் ராத்திரி நடமாட ஆட்கள் வேண்டும். அந்தக் காலத்தில் நம் ஊரில் அந்நியர் உடம்பைத் தொட்டுச் செய்யும் வேலையைக் கீழாகப் பார்த்தார்கள். நல்ல குடும்பத்துப் பெண்ணை யாரும் அனுப்பவில்லை. இருந்தும் 1909-ல் டீலியா ஹௌட்டன் என்ற நர்ஸின் துணையோடு நர்சிங் பள்ளியைத் தொடங்கினார் ஐடா. கவனிங்க, டாக்டர் பள்ளிக்கு முன்னாடியே நர்ஸ் பள்ளி.

அதே சமயத்தில் வேறொன்றும் செய்தார். மருத்துவமனைக்கு வர முடியாத கிராமத்தாருக்காக, வாரம் ஒருநாள் குடியாத்தம் சாலையில் போய் மரத்தடிகளில் நின்று வைத்தியம். முதலில் மாட்டு வண்டி, 1909-லிருந்து மோட்டார் கார். காரைக் கண்டு ஜனங்கள் பயந்து ஓடினார்களாம். பிறகு அதே காருக்காகக் காலையிலிருந்து காத்துக்கிடந்தார்கள். வெயில், புழுதி, சீழ் பிடித்த புண்கள், திரும்பி வந்தால் இங்கே அறுவை சிகிச்சை. மனுஷிக்கு உடம்பு இரும்பு என்பது உண்மை. எழுபது தாண்டியும் டென்னிஸ் ஆடினார். ஆனால் அந்த உடம்பை வைத்து ஒரு ஜில்லாவைத் தூக்க முடியாது என்று அவருக்கே தெரிந்திருந்தது.

அதனால்தான் 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. மூணு பேர் விண்ணப்பித்தாலே அதிசயம் என்றார் மதராஸ் அரசின் தலைமை மருத்துவ அதிகாரி. வந்த விண்ணப்பங்களில் பலரைத் திருப்பி அனுப்ப வேண்டியதாயிற்று. 1922-ல் கடைசிப் பரீட்சை எழுதிய 14 பேரும் பாஸ். அரியர் வச்சிருக்கிற நமக்கு இது கொஞ்சம் உறுத்தும்.

1930-களின் கடைசியில் பெரிய அடி. டிப்ளமா படிப்பு இனி செல்லாது, பட்டப்படிப்பாக மாற்று, இல்லையென்றால் மூடு என்றது அரசு. எழுபதை ஒட்டிய வயதில் அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய் மேடையேறிப் பணம் கேட்டார். 1942-ல் எம்.பி.பி.எஸ். வந்தது. 1946-ல் அவர் ஓய்வு பெற்ற சமயத்தில் நர்சிங்கும் பட்டப்படிப்பானது. பின்பு கொடைக்கானல் வீட்டில் இருந்தார். 1960 மே மாதம் அங்கேயே இறந்தார். வயது 89.

இதை எழுதி முடிச்சு அத்தைக்கு வாசிச்சுக் காட்டினேன். வெந்நீரில் காலை வச்சுக்கிட்டுக் கேட்டாங்க. டென்னிஸுக்குச் சிரிச்சாங்க, மரத்தடிக்குத் தலையாட்டினாங்க. கடைசியில் ஒண்ணே ஒண்ணு கேட்டாங்க: அந்த சலோமி ராத்திரி எத்தனை மணிக்குடா வீட்டுக்குப் போயிருப்பா?