திருச்சானூரிலிருந்து பாட்னா வரை

திருப்பதி மலையடிவாரத்திற்கு அருகில், பத்மாவதித் தாயார் கோயில் கொண்டிருக்கும் ஊர் திருச்சானூர். அங்கு 1891-ஆம் ஆண்டு பிப்ரவரி 4 அன்று மாடபூசி அனந்தசயனம் ஐயங்கார் பிறந்தார். அப்போது திருச்சானூர், சென்னை மாகாணத்தின் வடஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. அவருக்கு இருபது வயதானபோது, 1911-இல், சித்தூர் என்னும் புதிய மாவட்டம் அமைந்தது. 1953-இல் அம்மாவட்டம் ஆந்திர மாநிலத்துள் சேர்ந்தது. 1956-இல் அது ஆந்திரப் பிரதேசம் ஆயிற்று. அவர் ஊர் மாறவில்லை. ஊரின் முகவரிதான் மாறிக்கொண்டே வந்தது. வீட்டில் ஒரு மொழியும் தெருவில் மற்றொரு மொழியும் கேட்டு வளர்வது இப்பகுதிப் பிள்ளைகளுக்கு அன்றும் புதிதன்று.

திருப்பதி தேவஸ்தான உயர்நிலைப் பள்ளியில் கல்வி பயின்ற அனந்தசயனம், சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் பட்டம் பெற்றார். பின்னர்ச் சட்டமும் படித்து முடித்தார். சிறிது காலம் கணித ஆசிரியராகப் பணியாற்றினார். 1915-இல் சித்தூரில் வழக்கறிஞர் தொழிலைத் தொடங்கினார். வருவாய் பெருகத் தொடங்கிய வேளையில் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தது. நீதிமன்றங்களைப் புறக்கணிக்க வேண்டும் என்னும் அழைப்பை ஏற்று, 1921-22-இல் ஓராண்டு காலம் அவர் தம் தொழிலை நிறுத்தினார். குடும்பமுள்ள வழக்கறிஞர் ஒருவர் ஓராண்டு வருவாயைக் கைவிடுவது எளிய செயலன்று.

1934-ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று, தில்லியில் இருந்த மத்தியச் சட்டமன்றத்தில் காங்கிரஸ் உறுப்பினராக நுழைந்தார். கணக்கும் சட்டமும் அறிந்தவர் ஆதலின், அரசின் வரவு செலவுக் கணக்குகளைத் துருவித் துருவி ஆராய்ந்தார். ஆங்கில அதிகாரிகளைக் கேள்விகளால் திணற வைத்தார். ஐரோப்பியர் நடத்திய செய்தித்தாள் ஒன்று அவரைச் சட்டமன்றத்தின் எம்டன் என்று எழுதியது. எம்டன் என்பது 1914 செப்டம்பரில் சென்னைத் துறைமுகத்தின் மீது திடீரெனக் குண்டு வீசிச் சென்ற ஜெர்மானியப் போர்க்கப்பல். கெட்டிக்காரரைக் கண்டால் நம் வீட்டுப் பெரியவர்கள் இன்றும் எம்டன் என்கிறார்களே, அச்சொல் பிறந்த கதை இதுதான்.

1940-இல் தனிநபர் சத்தியாக்கிரகத்திலும், 1942-இல் வெள்ளையனே வெளியேறு இயக்கத்திலும் பங்கேற்று இருமுறை சிறை சென்றார். விடுதலைக்குப் பின் அரசியல் நிர்ணய சபையில் இடம் பெற்றார். அரசியலமைப்பின் வரைவில் ஊராட்சிகளுக்கு இடமே இல்லாதிருந்தது. 1948 நவம்பரில் கிராமங்களுக்காக வாதாடியவர்களுள் அவரும் ஒருவர். அந்த விவாதத்தின் பயனாகவே, ஊராட்சிகளை அமைப்பது அரசின் கடமை என்னும் நாற்பதாம் உறுப்பு சேர்க்கப்பட்டது. (காஷ்மீர் தொடர்பான பேச்சுகளில் வரும் கோபாலசாமி ஐயங்கார் வேறொருவர், இருவரும் அதே சபையில் இருந்தமையால் பலர் குழப்பிக்கொள்வர்.)

1952-இல் திருப்பதித் தொகுதியிலிருந்து மக்களவைக்குச் சென்றார். துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். முதல் அவைத் தலைவரான மாவலங்கர் 1956 பிப்ரவரியில் மறைந்தபோது, மார்ச் 8 அன்று அந்த இருக்கை அனந்தசயனத்திற்கு வந்தது. 1957-இல் சித்தூர்த் தொகுதியில் வென்று மீண்டும் அவைத் தலைவரானார்.

கேள்விக் கணைகளால் பெயர் பெற்றவருக்கு இனிக் கேள்வி கேட்கும் உரிமை இல்லை. பிறர் கேட்பதற்கு இடம் தருவதே அவருடைய வேலை. வாக்குகள் இருபுறமும் சமமானால் அன்றி, அவைத் தலைவர் வாக்களிக்கவும் இயலாது. அவர் தலைவராக இருந்த காலத்தில்தான், 1957 டிசம்பரில், ஆயுள் காப்பீட்டுக் கழகத்தின் பணம் முந்திரா என்பவரின் நிறுவனங்களில் முதலீடு செய்யப்பட்டது பற்றிய விவாதம் அவையை உலுக்கியது. அதனை எழுப்பியவர் ஆளுங்கட்சி உறுப்பினரும் பிரதமர் நேருவின் மருமகனுமான ஃபெரோஸ் காந்தி. விசாரணை நடந்தது, 1958-இல் நிதியமைச்சர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். அவைத் தலைவரும் அதே கட்சியிலிருந்து வந்தவர்தாம். ஆயினும், அக்கட்சிக்குச் சங்கடமான அந்த விவாதத்திற்கு அவர் தலைமை தாங்கிய அவையில் இடமிருந்தது.

1962-இல் சித்தூர் மக்கள் அவரை மூன்றாம் மக்களவைக்குத் தேர்ந்தெடுத்தனர். ஆனால், அவ்வாண்டு மே மாதம் பீகார் மாநில ஆளுநராக நியமிக்கப்பட்டார். அதுவரை அப்பதவியில் இருந்த ஜாகிர் உசேன் குடியரசுத் துணைத் தலைவரானமையால் அவ்விடம் காலியாகியிருந்தது. எழுபத்தோராம் வயதில் அனந்தசயனம் கங்கைக் கரையில் உள்ள பாட்னாவிற்குக் குடிபெயர்ந்தார்.

ஆளுநர் என்னும் சொல் நாட்டுக்கு நாடு பொருள் மாறுவது. அமெரிக்காவில் மாநில ஆளுநரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். அவரே ஆட்சியை நடத்துகிறார். நம் நாட்டில் ஆளுநரைக் குடியரசுத் தலைவர் நியமிக்கிறார். ஆட்சி நடத்துபவர் முதலமைச்சர். ஆகவே, நம் ஆளுநருக்குப் பெரும்பாலான நாள்கள் அமைதியானவை. சோதனை வருவது சில நாள்களில்தான்.

அனந்தசயனத்திற்கு அந்நாள் 1967-இல் வந்தது. முந்தைய ஆண்டு மழை பொய்த்துப் பீகார் கடும் வறட்சியில் வாடிக்கொண்டிருந்தது. பிப்ரவரியில் நடந்த தேர்தலில், 318 இடங்கள் கொண்ட சட்டமன்றத்தில் காங்கிரசுக்கு 128 இடங்களே கிடைத்தன. முதலமைச்சர் கிருஷ்ண வல்லப சகாய் பாட்னாவில் தோற்றார்; அவரைத் தோற்கடித்தவர் மகாமாயா பிரசாத் சின்கா. காங்கிரஸ் அல்லாத கட்சிகள் பல ஒன்றுகூடி, அந்தச் சின்காவையே தலைவராகக் கொண்டன. கொள்கையில் வடதுருவமும் தென்துருவமுமான கட்சிகள் அவை. ஆயினும், சட்டமன்றத்தில் பெரும்பான்மை அவற்றிடமே இருந்தது.

இளமை முதல் காங்கிரசில் வாழ்ந்தவர், அதற்காகத் தொழிலை நிறுத்தியவர், சிறை சென்றவர் ஆளுநர் மாளிகையில் இருந்தார். மார்ச் 5 அன்று மகாமாயா பிரசாத் சின்கா முதலமைச்சராகப் பதவியேற்றார். நாடு விடுதலை பெற்ற பின் பீகாரில் அமைந்த காங்கிரஸ் அல்லாத முதல் அமைச்சரவை அதுவே. பதவி உறுதிமொழியைச் செய்வித்த கரங்கள், காங்கிரசைக் கட்டி வளர்த்த கரங்களுள் இரண்டு. மனத்தில் என்ன ஓடியதோ, யார் அறிவார்!

அவ்வாண்டு டிசம்பரில் பதவிக்காலம் முடிந்து திருப்பதிக்குத் திரும்பினார். அங்குள்ள மத்திய சமஸ்கிருத வித்யாபீடத்தின் பணிகளில் முதுமையைச் செலவிட்டார். 1978 மார்ச் 19 அன்று, தம் 87-ஆம் வயதில் காலமானார். அவர் பிறந்த திருச்சானூரின் முகவரி அதன் பிறகும் ஒருமுறை மாறியது. 2022 ஏப்ரலில் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது, அவ்வூர் புதிய திருப்பதி மாவட்டத்தில் சேர்ந்தது.