கழுத்தில் துளை போட்டு உயிர் காக்கும் டிரக்கியாஸ்டமி: அதற்கு விதி வகுத்த டாக்டர் ஜாக்சன் யார்?

பெருங்களத்தூர் பக்கம் ஜிஎஸ்டி சாலையில் பைக் விபத்து. தலையில் அடிபட்டவர் ஐசியூவில், வாய் வழியாகப் போட்ட டியூபில் மூச்சு விடுகிறார். சில நாள் கழித்து டாக்டர் குடும்பத்தைக் கூப்பிட்டு, கழுத்தில் சின்னத் துளை போட்டு டியூப் வைக்கணும், கையெழுத்துப் போடுங்க என்கிறார். கேட்டதும் பலருக்குக் கால் நடுங்கிவிடும். இனி பேச்சே வராதா? இதுதான் கடைசிக் கட்டமா?

இந்த ஆபரேஷன் பெயர்தான் டிரக்கியாஸ்டமி. 2016-ல் ஜெயலலிதாவுக்கு அப்போலோவிலும், அதே டிசம்பரில் கருணாநிதிக்குக் காவேரியிலும் செய்யப்பட்டபோது தமிழ்நாடே இந்த வார்த்தையைக் கேட்டது. ஆனால் இதைப் பயமில்லாமல் செய்ய வழி காட்டிய மனிதரைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாது.

அவர் பெயர் செவாலியர் ஜாக்சன். நமக்கு செவாலியர் என்றால் சிவாஜி கணேசன் வாங்கிய பட்டம். இவருக்கோ அது அப்பா அம்மா வைத்த பெயர்!

கேலிக்கு ஆளான சிறுவன்

1865 நவம்பர் 4-ல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் பிறந்தார். ஒல்லியான, கூச்ச சுபாவம் உள்ள பையன். உடன் படித்தவர்கள் படுத்திய பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. ஒருமுறை கைவிடப்பட்ட நிலக்கரிச் சுரங்கத்துக்குள் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். தற்செயலாக வந்த தொழிலாளி ஒருவர்தான் காப்பாற்றினார்.

வீட்டில் வசதி இல்லை. கண்ணாடியிலும் பீங்கானிலும் படம் வரைந்து சம்பாதித்தார். 1886-ல் பிலடெல்பியாவின் ஜெபர்சன் மருத்துவக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். படம் வரைந்து பழகிய அந்தக் கைதான் பின்னாளில் குழந்தைகளின் மூச்சுக்குழாய்க்குள் நடுங்காமல் வேலை செய்தது.

விழுங்கிய பொருட்களின் மியூசியம்

நாணயம், ஊக்கு, பட்டன், பொம்மைத் துண்டு... குழந்தை எதையாவது விழுங்கித் தொண்டையில் சிக்கிவிட்டால் அந்தக் காலத்தில் பெரும்பாலும் மரணம்தான். வாய் வழியாக உள்ளே விட்டுப் பார்க்கும் விளக்கு வைத்த குழாய்க் கருவிகளை ஜாக்சன் மேம்படுத்தினார். அவற்றின் வழியாகவே, கத்தி வைக்காமல் பொருட்களை வெளியே எடுத்தார்.

எடுத்த ஒவ்வொன்றையும் பத்திரப்படுத்தினார். 2,000-க்கும் மேற்பட்ட அந்தப் பொருட்கள் இன்றும் பிலடெல்பியாவின் முட்டர் மியூசியத்தில் இருக்கின்றன.

நாலில் ஒருவர் இறந்த ஆபரேஷன்

கழுத்தில் துளை போடுவது பழங்காலத்திலேயே தெரிந்த வைத்தியம்தான். 19-ம் நூற்றாண்டில் தொண்டை அடைப்பான் நோயில் மூச்சு திணறும் குழந்தைகளுக்கு இதைச் செய்தார்கள். ஆனால் அவசரம், இருட்டு, ரத்தம், பொருந்தாத டியூப். நாலில் ஒருவர் வரை இறந்தார்கள். அதனால் டாக்டர்களே இதைக் கடைசி நிமிடம்வரை தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்டதாலேயே இன்னும் பலர் இறந்தார்கள்.

1909-ல் ஜாக்சன் இதற்குத் தெளிவான முறையை எழுதினார். கழுத்தின் நடுக்கோட்டை விட்டு விலகக் கூடாது. பெரிய ரத்தக் குழாய்கள் இரண்டு பக்கமும்தான் ஓடுகின்றன. குரல்வளையைத் தொடாமல், அதற்குக் கீழே மூச்சுக்குழாயின் வளையங்களில் திறக்கணும். டியூபின் வளைவு மூச்சுக்குழாயோடு பொருந்தணும். எல்லாவற்றையும் விட, ஆபரேஷனுக்குப் பிறகு நர்ஸ் பக்கத்திலேயே இருக்கணும். இவற்றைப் பின்பற்றிய இடங்களில் மரணம் நூற்றுக்கு ஓரிருவர் என்ற அளவுக்கு இறங்கியதாக மருத்துவ நூல்கள் சொல்கின்றன.

அவசரம் வேறு, திட்டமிட்டது வேறு

ஐசியூவில் செய்வது பெரும்பாலும் திட்டமிட்ட ஆபரேஷன். வாய் டியூப் ஏற்கெனவே மூச்சைப் பார்த்துக்கொள்கிறது. தோள்பட்டைக்கு அடியில் சின்னத் தலையணை வைத்துக் கழுத்தை நிமிர்த்தி, தசைகளை விலக்கி, இரண்டாவது, மூன்றாவது வளையத்துக்குப் பக்கத்தில் நிதானமாகத் திறப்பார்கள். படுக்கையிலேயே ஊசி வழியாகத் துளையைக் கொஞ்சம் கொஞ்சமாக விரித்து டியூப் வைக்கும் முறையும் இப்போது வழக்கத்தில் இருக்கிறது.

அவசரத்தில் கதையே வேறு. தொண்டை முழுக்க அடைத்துவிட்டால் கையில் இருப்பது சில நிமிடங்கள்தான். இடது கை விரல்களால் குரல்வளையை அசையாமல் பிடித்து, நடுவில் கீறி, ஆள்காட்டி விரலால் வளையத்தைத் தடவிக் கண்டுபிடிக்கும் முறையை ஜாக்சன் கற்றுக்கொடுத்தார். இன்று அவசரத்தில் பெரும்பாலும் குரல்வளை மேட்டுக்குக் கொஞ்சம் கீழே இருக்கும் மெல்லிய சவ்வைத் திறக்கிறார்கள். தோலுக்கு மிக அருகில் இருப்பதால் அது வேகமான வழி.

அந்த இடத்தில் டியூபை விட்டுவைப்பதை 1921-ல் ஜாக்சன் கடுமையாக எதிர்த்தார். தன்னிடம் வந்த குரல்வளை சுருங்கிய நோயாளிகளில் பெரும்பாலோருக்கு டியூப் மேலே வைக்கப்பட்டதுதான் காரணம் என்று காட்டினார். அதனால் பல பத்தாண்டுகள் டாக்டர்கள் அந்த வழியையே ஒதுக்கினார்கள். 1970-களில்தான் அது திரும்பி வந்தது. ஜாக்சன் சொன்னதிலும் காலம் கொஞ்சம் திருத்தம் போட்டது.

தொழிற்சாலைகளோடு மோதல்

துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் வீடுகளில் வைத்திருந்த காரத்தைச் சர்க்கரை என்று நினைத்துக் குழந்தைகள் சாப்பிட்டார்கள். உணவுக்குழாய் வெந்து சுருங்கியது. தண்ணீர்கூட இறங்காத ஒரு சிறுமிக்கு அடைப்பை ஜாக்சன் எடுத்தார். ஒரு மடக்குத் தண்ணீர் உள்ளே போனதும் அவள் அவர் கையில் முத்தமிட்டாள் என்பது அவரே எழுதிவைத்த சம்பவம்.

டப்பாவில் விஷம் என்று அச்சிடணும் என்று பல வருடம் போராடினார். தயாரிப்பாளர்கள் எதிர்த்தார்கள். 1927-ல் சட்டம் வந்தது.

இடையில் காசநோய் அவரையே படுக்கையில் தள்ளியது. நம்ம தாம்பரம் சானடோரியம் 1928-ல் தொடங்கப்பட்டதும் இதே நோய்க்காகத்தான். எழுந்து வந்து மறுபடியும் ஆபரேஷன் செய்தார். 1958 ஆகஸ்ட் 16-ல், 92 வயதில் இறந்தார்.

குடும்பத்தினர் தெரிந்துகொள்ள வேண்டியது

* பேச்சு நிற்பது பெரும்பாலும் தற்காலிகம்தான். காற்று குரல் நாணுக்குப் போகாமல் டியூப் வழியாக வெளியேறுவதால் சத்தம் வருவதில்லை. டியூபை எடுத்த பிறகு பலருக்குக் குரல் திரும்புகிறது.
* முதல் வாரத்தில் டியூப் கழன்றால் ஆபத்து. துளை இன்னும் பதியாததால் மறுபடி போடுவது கஷ்டம். நீங்களே செருக முயற்சிக்காதீர்கள்.
* சளி காய்ந்து டியூப் அடைப்பதுதான் வீட்டில் வரும் பெரிய ஆபத்து. உள் டியூபைக் கழுவுவது, சளி உறிஞ்சுவது, காற்றை ஈரமாக வைப்பது மூன்றையும் டிஸ்சார்ஜுக்கு முன்பே நர்ஸிடம் செய்து பார்த்துப் பழகுங்கள்.
* ரத்தம் கசிந்தால், எவ்வளவு கொஞ்சமாக இருந்தாலும், உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.
* சினிமாவில் வருவது போலப் பேனாவால் கழுத்தைக் குத்தாதீர்கள். 108-ஐ அழையுங்கள்.

ஜாக்சன் கடைசிவரை சொல்லிவந்தது இதைத்தான். தேவை என்று தோன்றும்போதே செய்துவிடணும், உயிர் போகும் நிமிடம்வரை காத்திருக்கக் கூடாது. டாக்டர் கையெழுத்து கேட்பதும் பெரும்பாலும் அதனால்தான்.