துரையின் மொழியில் லயத்தின் கதை: சி.வி. வேலுப்பிள்ளை

நோர்வூட் சந்தியில் மஸ்கெலியாவுக்கும் பொகவந்தலாவைக்கும் வீதி பிரிகிறது. அங்கே ஒரு கடையின் மாடி அறையில் சனிக்கிழமைகளில் ஆங்கில வகுப்பு நடக்கிறது. வருகிறவர்கள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகள். ஒருநாள் நானும் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

அன்றைய பாடம் செயப்பாட்டு வினை. தேயிலை பறிக்கப்படுகிறது, காயவைக்கப்படுகிறது, கப்பலில் ஏற்றப்படுகிறது என்று பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். யார் பறிக்கிறார்கள் என்று எழுதத் தேவையில்லை. இலக்கணம் அதை விட்டுவிட இடம் தருகிறது. அடுத்து வந்த வாசிப்புப் பயிற்சி லண்டன் பூங்கா ஒன்றைப் பற்றியது. இடைவேளையில் சி.வி. வேலுப்பிள்ளையைத் தெரியுமா என்று கேட்டேன். இரண்டு பேர் கையைத் தூக்கினார்கள். அவர் தமிழில் கதை எழுதியவர் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆங்கிலத்தில் எழுதத் தொடங்கியவர் என்பது அந்த அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை.

வேலுப்பிள்ளை 1914இல் மடக்கும்புர தோட்டத்தில் பிறந்தார். அந்தக் காலத்தில் தோட்டத்துப் பள்ளிக்கூடம் என்றால் ஒரே அறை, ஒரே ஆசிரியர், சில ஆண்டுகள் தமிழில் எழுத்தும் கணக்கும். அதற்குள் பிள்ளைக்குக் கொழுந்தெடுக்கும் வயது வந்துவிடும். ஆங்கிலம் துரையின் பங்களாவிலும் தோட்டத்து ஒபிசிலும் இருந்தது. தொழிலாளியின் பேரும் சம்பளமும் கடனும் அவருக்கு வாசிக்கத் தெரியாத மொழியில்தான் எழுதப்பட்டன.

வேலுப்பிள்ளைக்கு அந்த மொழி கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. அவர் பெரிய கங்காணி குடும்பத்துப் பிள்ளை. தொழிலாளரின் கடனிலும் தலைக்காசிலும் வளர்ந்தது அந்தக் கங்காணி முறை. அந்த வசதியில்தான் அவரால் அட்டனிலும் பின்னர் கொழும்பிலும் ஆங்கிலக் கல்வி பெற முடிந்தது. இதை மறைத்து அவரைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. அதே கல்வியைப் பெற்ற பலர் மலையை விட்டு இறங்கியபின் திரும்பிப் பார்க்கவில்லை. இவர் திரும்பி வந்தார். அதனால்தான் அவரைப் பற்றி இன்றும் எழுதுகிறோம்.

இளம் வயதில் அவரை ஈர்த்தவர் தாகூர். 1934இல் தாகூர் இலங்கைக்கு வந்தபோது, ஆங்கிலத்தில் தாம் எழுதிய விஸ்மாஜினி என்ற நாடகத்தை அவரிடம் கொடுத்தார் இந்த இளைஞர். சிலகாலம் ஆசிரியராக இருந்தார். பிறகு தொழிற்சங்கத்துக்கு வந்தார். 1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் தலவாக்கலைத் தொகுதியில் வென்று நாடாளுமன்றம் போனார்.

அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. 1949இல் வாக்குரிமையும் போனது. அவரைத் தெரிவு செய்தவர்களே வாக்காளர் பட்டியலில் இல்லாமல் போனார்கள். 1952இல் காங்கிரஸ் கொழும்பில் சத்தியாக்கிரகம் நடத்தியது; அவரும் அதில் நின்றார். ஆனால் அந்த ஆண்டுத் தேர்தலில் மலையகத் தொழிலாளருக்கென்று ஒரு பிரதிநிதிகூட நாடாளுமன்றம் போகவில்லை.

சபையில் பேச இடமில்லாமல் போன இரண்டு ஆண்டுகளில், 1954இல், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தைப் பற்றிய அவருடைய ஆங்கில நெடுங்கவிதை நூலாக வந்தது. விடியற்காலைப் பிரட்டுக்கு அழைக்கும் தப்பொலியும், கூடையோடு மலையேறும் பெண்களும், கல்லறைகூட இல்லாமல் தேயிலைச் செடிக்கடியில் கிடக்கும் முன்னோரும் அதில் இருக்கிறார்கள். துரைமாரும் கொழும்பு கனவான்களும் வாசிக்கும் மொழியில் அதை எழுதினார். தேயிலை தானாகப் பறிக்கப்படவில்லை, அதைப் பறித்தவர்கள் இவர்கள் என்று அவர்களுக்கே சொன்ன நூல் அது. சக்தீ பால ஐயாவின் தமிழாக்கம் 1969இல் 'தேயிலைத் தோட்டத்திலே' என்ற பெயரில் வந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, உழைக்கவே பிறந்தவர்கள் என்று பொருள்படும் தலைப்பில், தோட்டத்து மனிதர்களின் வாழ்க்கைச் சித்திரங்களை மீண்டும் ஆங்கிலத்தில் நூலாக்கினார்.

இதற்கிடையே அவர் தமிழுக்கும் வந்துவிட்டார். லயத்து மக்கள் தங்கள் கதையைத் தாங்களே வாசிக்க வேண்டுமானால் தமிழில்தானே எழுத வேண்டும். தோட்டத்தில் சங்கம் தொடங்கியதற்காக வேலையையும் இருப்பிடத்தையும் இழக்கும் தொழிலாளியின் கதைதான் 'வீடற்றவன்'. கொழுந்தெடுக்கும்போதும் தாலாட்டும்போதும் பெண்கள் பாடிய நாட்டார் பாடல்களையும் தேடித்தேடித் தொகுத்தார். அந்தப் பாட்டுகளைப் பாடியவர்களில் பலருக்கு எந்த மொழியிலும் எழுத்துத் தெரியாது.

1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்றும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை தருவது என்றும் கணக்குப் போட்டது. மிகுதி 1,50,000 பேரின் கதியைப் பிறகு பார்ப்போம் என்று தள்ளிவைத்தது. தலைமன்னாரில் கப்பலேறியவர்கள் போக, 1977க்கும் 1983க்கும் பிறகு வன்முறைக்குத் தப்பி வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்கள் ஏராளம். இறுதி யுத்தம் அவர்களை அங்கிருந்தும் துரத்தியது. வன்னியில் இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கு மடக்கும்புரையோ நோர்வூட்டோ தாத்தா பாட்டியின் ஊராக இருக்கலாம். உங்கள் வீட்டில் யாரும் எழுதிவைக்காத காலம் அவருடைய நூல்களில் இருக்கிறது.

அவருடைய 'இனிப் படமாட்டேன்' நாவல் 1984இல் வந்தது. இன வன்முறையின் நடுவே வாழ நேர்ந்த மலையக மனிதரின் கதை அது. அந்த ஆண்டு நவம்பரில் சி.வி. காலமானார். நாடற்றவர் என்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவர 1988இலும் 2003இலும் வந்த சட்டங்களைக் காண அவர் இல்லை.

இன்று நோர்வூட்டில் தாய்மார் கொழுந்துச் சம்பளத்திலிருந்து வகுப்புக் காசு கட்டுகிறார்கள். ஆங்கிலம் தெரிந்தால் பிள்ளை கூடை தூக்க வேண்டியதில்லை என்பது அவர்களின் நம்பிக்கை. அந்த நம்பிக்கை நியாயமானது. அதோடு இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். லண்டன் பூங்காவுக்குப் பதிலாக ஒரு சனிக்கிழமை சி.வி.யின் ஆங்கிலக் கவிதையில் ஒரு பக்கத்தை வாசிக்கக் கொடுக்கலாம். சொற்களும் கிடைக்கும், இலக்கணமும் கிடைக்கும். தேயிலை யாரால் பறிக்கப்படுகிறது என்ற வாக்கியத்தை முழுதாக எழுதவும் பிள்ளைகள் பழகுவார்கள். வகுப்பு முடிந்து இறங்கும்போது ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். நூல் எங்கே கிடைக்கும் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.