புலமைப்பரிசிலுக்குப் பெயர் தந்த செனட்டர்

புல்பிரைட் புலமைப்பரிசில் என்ற பெயரை எமது பல்கலைக்கழக வட்டாரங்களில் அறியாதோர் குறைவு. இலங்கைக்கும் அமெரிக்காவுக்கும் இடையிலான இதற்குரிய உடன்படிக்கை 1952இல் ஏற்பட்டது. ஆயினும் அப்பெயருக்குரியவர் முப்பது ஆண்டுகள் அமெரிக்க செனட் சபையில் வீற்றிருந்தவர் என்பதையும், அவரது வாக்களிப்புப் பதிவில் பெருமையும் சிறுமையும் அருகருகே கிடக்கின்றன என்பதையும் நினைவிற் கொள்வோர் அதிகமில்லை.

ஜேம்ஸ் வில்லியம் புல்பிரைட் 1905இல் மிசூரியில் பிறந்து ஆர்கன்சோ மாநிலத்தில் வளர்ந்தவர். ரோட்ஸ் புலமைப்பரிசில் பெற்று ஒக்ஸ்போர்ட்டில் கற்றார். 1939இல் ஆர்கன்சோ பல்கலைக்கழகத்தின் தலைவரானபோது அவருக்கு வயது 34. தாயாரின் பத்திரிகை ஹோமர் அட்கின்ஸ் என்ற அரசியல்வாதியைக் கண்டித்து எழுதி வந்தது. அட்கின்ஸ் ஆளுநராகிய 1941இலேயே மகனின் பதவி பறிபோயிற்று. பத்திரிகைத்துறையினரான நாம் இதன் பிற்பகுதியைச் சற்றுப் புன்முறுவலுடனேயே வாசிக்கிறோம். 1944இல் செனட் ஆசனத்திற்கான ஜனநாயகக் கட்சித் தெரிவில் புல்பிரைட் தோற்கடித்தவர்களுள் அதே அட்கின்ஸும் ஒருவர்.

1946இல் அவர் கொண்டுவந்த சட்டம் எளிமையானது. யுத்தம் முடிந்து வெளிநாடுகளிற் குவிந்து கிடந்த அமெரிக்க இராணுவ உபரிப் பொருட்களை விற்றுப் பெறும் பணத்தை மாணவர், அறிஞர் பரிமாற்றத்துக்குச் செலவிடுவதே அதன் நோக்கம். பெரிய விவாதமின்றி அது நிறைவேறியது.

துணிவும் அவரிடம் இருந்தது. மக்கார்த்தியின் கம்யூனிச வேட்டைக்கு நாடே அஞ்சியிருந்த 1954இல், அவரது விசாரணைக் குழுவுக்கு நிதி வழங்குவதை எதிர்த்து வாக்களித்த ஒரே செனட்டர் புல்பிரைட். 1961இல் கியூபா மீதான படையெடுப்பு வேண்டாமென ஜனாதிபதி கென்னடிக்கு அவர் ஆலோசனை கூறினார், அது செவிசாய்க்கப்படவில்லை.

வியட்நாம் விடயத்தில் அவர் முதலில் தவறினார். 1964இல் ஜோன்சனுக்குப் போர் அதிகாரம் வழங்கிய டொங்கின் குடாத் தீர்மானத்தைச் சபையில் முன்னின்று நிறைவேற்றியவர் அவரே. எதிர்த்தோர் இருவர் மட்டுமே. தாம் ஏமாற்றப்பட்டதாக உணர்ந்த பின், வெளியுறவுக் குழுத் தலைவர் என்ற வகையில் 1966இல் பகிரங்க விசாரணைகளை நடத்தினார். தொலைக்காட்சியில் அவற்றைக் கண்ட அமெரிக்கர், போரைச் சந்தேகிப்பது தேசத்துரோகமல்ல என்பதை உணரத் தொடங்கினர். தமது கட்சி ஜனாதிபதியின் நட்பை அவர் இதனால் இழந்தார்.

ஆனால் சொந்த மாநிலத்துக் கறுப்பின மக்கள் விடயத்தில் இந்தத் துணிவு எங்கே போயிற்று? பாடசாலைகளில் இனப்பிரிப்பை ஒழிக்கும் தீர்ப்பை எதிர்த்து 1956இல் தென்மாநில உறுப்பினர்கள் வெளியிட்ட பிரகடனத்தில் அவரும் ஒப்பமிட்டார். 1964ஆம் ஆண்டின் சிவில் உரிமைச் சட்டத்தையும் 1965ஆம் ஆண்டின் வாக்குரிமைச் சட்டத்தையும் எதிர்த்தார். வேறுவிதமாக வாக்களித்திருந்தால் ஆசனத்தை இழந்திருப்பார் என்பது அவரது ஆதரவாளர்களின் வாதம். அது உண்மையாகவே இருக்கலாம். எனினும் மக்கார்த்திக்கு எதிரே தனித்து நிற்கத் தெரிந்தவருக்கு இதிலும் நிற்கத் தெரியாமற் போயிருக்காது என்றே நாம் கருதுகிறோம். 1960இல் அவரை இராஜாங்கச் செயலாளராக்கக் கென்னடி விரும்பியபோது குறுக்கே நின்றதும் இந்தப் பதிவுதான்.

1974இல் கட்சித் தெரிவில் டேல் பம்பர்ஸிடம் தோற்று அரசியலிலிருந்து விலகினார். மாணவப் பருவத்தில் அவரது குழுவின் அலுவலகத்தில் சிற்றூழியம் புரிந்த பில் கிளின்டன், 1993இல் ஜனாதிபதியாக அவருக்குச் சுதந்திரப் பதக்கம் அணிவித்தார். 1995 பெப்ரவரியில், தமது 89ஆவது வயதில், புல்பிரைட் வோஷிங்டனில் காலமானார்.