சீட்டுக்கட்டில் பிறந்த கணக்கு: யார் இந்த ஸ்டனிஸ்லாவ் உலாம்?

1946 ஜனவரி. லாஸ் ஏஞ்சல்ஸில் 36 வயது கணித மேதை ஒருவருக்குத் திடீரென்று பேச்சு வரவில்லை. மூளை அழற்சி. மண்டையைத் திறந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால், இனி பழையபடி கணக்கு வருமா என்ற பயம் மட்டும் போகவில்லை.

அவர்தான் ஸ்டனிஸ்லாவ் உலாம். இன்று உக்ரைனில் இருக்கும் லிவிவ் நகரில், 1909-ல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1939 ஆகஸ்டில் தம்பியுடன் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்; சில நாட்களிலேயே போர் வெடித்தது. ஊரில் இருந்த அப்பாவும் தங்கையும் நாஜிக்களின் இனப்படுகொலையில் பலியானார்கள்.

ஓய்வில் இருந்தபோது பொழுதுபோக்கத் தனியாக உட்கார்ந்து சாலிடேர் ஆடினார். கலைத்துப் போட்ட சீட்டில் ஜெயிக்க எவ்வளவு வாய்ப்பு? சூத்திரம் போட்டுப் பார்த்தார், சரிவரவில்லை. அப்போதுதான் பொறி தட்டியது. எதற்கு இந்தப் பாடு? 100 முறை ஆடிப் பார்த்து, எத்தனை முறை ஜெயித்தோம் என்று எண்ணினால் போச்சு!

நண்பர் ஜான் வான் நியூமனுக்கு விஷயம் உடனே பிடிபட்டது. அணு ஆயுத ஆய்வில் நியூட்ரான்களின் போக்கைக் கணிக்க, 1948-ல் எனியாக் கணினியில் இந்த முறையை ஓட்டினார்கள். கடன் வாங்கியாவது மான்டி கார்லோ சூதாட்ட விடுதிக்குப் போகும் உலாமின் மாமா ஒருவரை நினைத்து, சக விஞ்ஞானி நிக்கோலஸ் மெட்ரோபொலிஸ் ‘மான்டி கார்லோ’ என்றே பெயர் வைத்துவிட்டார்.

இன்று நெட்வொர்க் எவ்வளவு நம்பகமானது என்று பார்க்கவும் இதுவே கைகொடுக்கிறது. 30 கேபிள்கள் என்று வைத்துக்கொள்வோம். எது வேலை செய்யும், எது அறுந்திருக்கும் என்று மட்டும் பார்த்தாலே 107 கோடிக்கும் மேல் நிலைகள். பெரிய நெட்வொர்க்கில் ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பது நடக்கிற காரியமே இல்லை. ஒரு கேபிள் அறுபட 100-ல் 2 வாய்ப்பு என்றால், கணினி 1 முதல் 100-க்குள் ஓர் எண்ணைக் குலுக்கி எடுக்கும். 1 அல்லது 2 வந்தால் அந்த கேபிள் அவுட். எல்லா கேபிளுக்கும் குலுக்கிய பிறகு, இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வழி மிச்சமிருக்கிறதா என்று பார்க்கும். இப்படி 10,000 முறை. அதில் 9,700 முறை வழி இருந்தால், நம்பகத்தன்மை சுமார் 97 சதவீதம்.

சிக்கலும் உண்டு. பிழையைப் பத்தில் ஒன்றாகக் குறைக்க 100 மடங்கு ஓட்டங்கள் வேண்டும். லட்சத்தில் ஒருமுறைதான் தோற்கும் நெட்வொர்க் என்றால், 10,000 ஓட்டத்தில் பெரும்பாலும் ஒரு தோல்விகூட கண்ணில் படாது. 100 சதவீதம் பக்கா என்று நம்பி ஏமாற வேண்டியதுதான்.

மூளை போய்விட்டதோ என்று பயந்த உலாம், 1951-ல் எட்வர்ட் டெல்லருடன் சேர்ந்து ஹைட்ரஜன் குண்டின் அடிப்படை வடிவத்தைக் கண்டுபிடித்தார். அது பெருமையா என்பது தனி விவாதம். 1984 மே 13-ல் சான்டா ஃபேயில், 75 வயதில் காலமானார்.