கட்டுமரத்திலும் போகத் துணிந்தவர்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பங்களில் வாழும் நம் மீனவ மக்களுக்கு அச்சம் புதியதல்ல. புயல் எச்சரிக்கை வந்தால் பயம். முகத்துவாரம் மணலால் அடைபட்டால் கடலுக்குப் போவது எப்படி என்ற கலக்கம். கரையிலோ கடன், பிள்ளைகளின் படிப்பு என்று கவலைகள். 2004 டிசம்பர் 26-இல் வந்த ஆழிப்பேரலையையும் நாம் மறக்கவில்லை. மகிமை மாதா திருத்தலத்தில் கண்ணீரோடு முழந்தாளிடும் நாம், இதே கடற்கரையில், தெற்கே மயிலாப்பூரில் தம் மனக்கலக்கத்தை இறைவனிடம் கொண்டு வந்த ஒரு புனிதரை இன்று நினைத்துப் பார்ப்போம்.

புனித பிரான்சிஸ் சவேரியார் 1506-இல் நவார் நாட்டில் பிறந்தார். பாரிஸில் படித்தபோது புனித இஞ்ஞாசியாரின் நட்பு அவரை மாற்றியது. 1534-இல் இஞ்ஞாசியாரின் வழிகாட்டுதலில் ஏறக்குறைய ஒரு மாதம் தனிமையில் தியானம் செய்தார். நற்செய்திக் காட்சியை மனக்கண்முன் கொண்டுவந்து, அதற்குள் நாமும் நின்று, ஆண்டவரோடு நண்பரைப்போல் பேசுவது இத்தியான முறையின் ஒரு முக்கியப் பகுதி.

1542-இல் அவர் முத்துக்குளித்துறைக்கு வந்தார். 1544-இல் வடுகப் படையினரின் தாக்குதலுக்கு அஞ்சிய மீனவர்கள், கன்னியாகுமரிப் பாறைகளில் பசியும் தாகமுமாய் ஒளிந்திருந்தார்கள். அவர்களுக்கு உதவ 20 தோணிகளோடு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். எதிர்க்காற்று திருப்பி அனுப்பியது. பின்னர் நடந்தே போய் அவர்களைச் சந்தித்தார். அதே ஆண்டின் பிற்பகுதியில் மன்னாரில் புதிய கிறிஸ்தவர்கள் பலர் கொல்லப்பட்டனர்.

பாரமான நெஞ்சோடு, அடுத்து எங்கே போவது என்று தெரியாமல், 1545-இல் மயிலாப்பூர் வந்தார். புனித தோமாவின் கல்லறை அருகே சுமார் நான்கு மாதங்கள் தங்கினார். இரவுகளில் கல்லறையருகே செபித்தார். தெளிவு பிறந்தது: மலாக்கா போக வேண்டும். போர்த்துக்கீசியக் கப்பல் கிடைக்காவிட்டால், இக்கரையின் கட்டுமரத்தில் ஏறியேனும் போகத் தயார் என்று கோவாவிலிருந்த நண்பர்களுக்கு எழுதினார்.

1546-இல் மோரோ தீவுகளுக்குப் புறப்பட்டபோது, அங்கே விஷம் வைத்துவிடுவார்கள் என்று அஞ்சிய நண்பர்கள் விஷமுறிவு மருந்துகளைக் கொடுத்தார்கள். தமக்கில்லாத பயத்தைச் சுமக்க விரும்பாமல் அவற்றை அன்போடு மறுத்தார். 1548-இல் கொச்சிக்குத் திரும்பும் வழியில் மூன்று பகல், மூன்று இரவு புயல் வீசியது. செபித்தபடி இருந்த அவர், கரைசேர்ந்த பிறகு கிடைத்த ஆறுதலைவிட அந்தப் புயலின் நடுவில் பெற்ற ஆறுதலே பெரிது என்று உணர்ந்தார். 1552 டிசம்பர் 3-இல், சீனக் கரையோரத்தில் சான்சியன் தீவில் இறைவனடி சேர்ந்தார்.

அன்பார்ந்தவர்களே, தியானம் புயலை நிறுத்தும் மந்திரமல்ல. புயலின் நடுவிலும் ஆண்டவர் நம் படகில் இருக்கிறார் என்று உணரும் வழி அது. இன்றிரவு பத்து நிமிடம் அமைதியாக அமர்வோம். மூச்சு மெல்ல இறங்கட்டும். மாற்கு நற்செய்தி 4-ஆம் அதிகாரத்தில் இயேசு காற்றைக் கடிந்துகொள்ளும் காட்சியை வாசிப்போம். அந்தப் படகை நம் படகாக எண்ணுவோம். பின்னணியத்தில் அவர் தலையணை வைத்து உறங்குவதைப் பார்ப்போம். நம் பயத்தை அதன் பெயர் சொல்லியே அவரிடம் ஒப்படைப்போம்: கடன் என்றால் கடன், நோய் என்றால் நோய். அவர் எழுந்து நம்மைப் பார்க்கும்வரை காத்திருப்போம்.

தூக்கமே வராத அளவுக்குக் கலக்கம் தொடர்ந்தால், மருத்துவரை நாடத் தயங்க வேண்டாம். அதுவும் இறைவன் தரும் உதவியே. மகிமை மாதாவே, கடலில் உள்ளவர்களுக்காகவும் கரையில் காத்திருப்பவர்களுக்காகவும் வேண்டிக்கொள்ளும். ஆமென்.