பசிப்பிணி தீர்த்த அமைச்சர்

பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில், 1910ஆம் ஆண்டு சனவரி 30ஆம் நாள், உழவர் குடும்பம் ஒன்றில் தோன்றியவர் சி. சுப்பிரமணியம். சென்னையில் அறிவியலும் சட்டமும் பயின்றார்; நாட்டு விடுதலைக்காகச் சிறை புகுந்தார்; 1952 முதல் பத்தாண்டுகள் சென்னை மாநில அமைச்சராக விளங்கினார். 1955இல் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு, சமதருமப் பாங்கான சமுதாயம் அமைப்பதே குறிக்கோள் என்று தீர்மானித்தது. அப்போது அவர் மாநில நிதியமைச்சர். பசித்த வயிறுகள் மலிந்த நாட்டில் அக்குறிக்கோள் எங்ஙனம் நிறைவேறும்? அதற்கு வழிகாணும் பொறுப்பு 1964இல் அவரையே வந்தடைந்தது. அவ்வாண்டு அவர் இந்திய அரசின் உணவு, வேளாண்மை அமைச்சரானார்.

1965இலும் 1966இலும் பருவமழை பொய்த்தது. அமெரிக்கக் கப்பல்கள் கொணர்ந்த கோதுமையை நாடு எதிர்நோக்கி நின்றது. வயல்களுக்குத் தொழுவுரமும் தழையுரமும் போதவில்லை. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றைச் செயற்கை உரங்கள் விரைந்து அளிக்கும். ஆயினும், நெடிது வளரும் பழைய பயிர்கள் உரம் மிகுந்தால் மேலும் உயர்ந்து, கதிரின் சுமை தாங்காது சாய்ந்தன. குட்டை வகைகளோ தண்டு வலுத்து நின்று, ஏற்ற உரத்தை மணியாக்கின. எம். எஸ். சுவாமிநாதன் முதலிய அறிஞர்கள் இவ்வுண்மையை எடுத்துரைத்தனர், அமைச்சர் செவிமடுத்தார்.

எதிர்ப்பு வலுத்தது. உரம் வாங்க அயல்நாட்டுச் செலாவணி ஏது என்றனர் சிலர். செல்வரான உழவரே பயனடைவர் என்றனர் வேறு சிலர். அவர் தளரவில்லை. டில்லியில் தம் இல்லத்துப் புல்வெளியை உழுவித்துப் புதிய கோதுமையைப் பயிரிட்டுக் காட்டினார். 1966இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் விதை தருவிக்கப்பட்டது.

1967ஆம் ஆண்டுத் தேர்தலில் அவர் தோல்வியுற்றார். விதைத்தவர் பதவியில் இல்லாத வேளையில் விளைச்சல் வந்தது. அதற்குமுன் ஏறத்தாழ 120 இலட்சம் டன்னே உச்சமாக இருந்த கோதுமை, 1968இல் ஏறத்தாழ 165 இலட்சம் டன்னாகப் பெருகியது. களஞ்சியங்கள் போதாமல் பள்ளிக் கட்டடங்களிலும் தானியம் குவிக்கப்பட்டது. தஞ்சைத் தரணியில், உரத்தை ஏற்று விளையும் ஆடுதுறை 27 என்னும் நெல் பரவியது.

உரம் மருந்தை ஒத்தது. அளவோடு இட்டால் காக்கும், மிகுந்தால் கெடுக்கும். அளவறியாது இட்ட இடங்களில் பிற்காலத்தே மண்வளம் குன்றியது. நிலத்தடி நீரும் மாசுற்றது. மண்ணை ஆய்ந்து, இயற்கை உரத்தோடு சேர்த்து அளவாக இடுதலே அறிவுடைமை.

1998இல் பாரத ரத்னா விருது பெற்ற அவர், 2000ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் மறைந்தார். பதவி போயினும் பயிர் பிழைத்தது. அதனால் பல கோடி மக்களின் பசி தணிந்தது. தம் நலம் கருதாது நாட்டின் நாளையை எண்ணி உழைப்போர்க்கு அவர் வாழ்வு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.